வாசகர் கேள்வி – பதில்: சரிந்த மலையின் மடியில் ரோக்ஃபோர்

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பதில் எழுதியபோது, “ஓர் ஊரின் பெயரையே சட்டத்தால் வேலி கட்டிக் காக்கும் வழக்கத்துக்குப் பிரான்ஸ் நாட்டின் ரோக்ஃபோர் கிராமம் பழைய முன்னோடி” என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கத்தரிக்காயைப் பற்றி வந்த கடிதங்கள் நான்கு. அந்த ஒரு வரியைப் பற்றி வந்தவை அதைப் போலப் பல மடங்கு. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்தக் கிராமத்துக்கும், அதன் நிலவறைகளில் பக்குவப்பட்டு அதே பெயரில் விற்கும் நீல நரம்புப் பாலாடைக்கட்டிக்குமே ஒதுக்கிவிட்டேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறேன், பொறுத்தருள்க.

வட ஆற்காட்டுக்காரர்களான நமக்குப் பிரெஞ்சுக்காரர்கள் என்றால் ஆம்பூர்ப் போர், ஆற்காட்டு முற்றுகை, வந்தவாசிப் போர் ஆகியவைதான் நினைவுக்கு வருகின்றன. அந்த நாட்டின் ஒரு சிற்றூர் எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. ரோக்ஃபோர் எங்கே இருக்கிறது, அதன் நிலவியல் என்ன என்பதை விரிவாகச் சொல்ல முடியுமா ஐயா?
– ஓர் ஆசிரியை, குடியாத்தம்

ஊரின் முழுப்பெயர் ரோக்ஃபோர்-சூர்-சூல்சோன். “சூல்சோன் ஆற்றின் மேலுள்ள வலிய பாறை” என்று பொருள் கொள்ளலாம். பிரான்ஸில் ரோக்ஃபோர் என்ற பெயரில் ஊர்கள் பல இருப்பதால், நாம் மேல்விஷாரம், கீழ்விஷாரம் என்று பிரித்துச் சொல்வதைப்போல அவர்கள் ஆற்றின் பெயரை ஒட்டிச் சொல்லி வேறுபடுத்துகிறார்கள். பிரான்ஸின் தெற்கே, மத்தியதரைக் கடலோரத்து மோன்பெலியே நகரத்திலிருந்து சாலை வழியே வடமேற்காக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் மீயோ என்ற நகரம் வரும். 2004இல் திறக்கப்பட்ட, 343 மீட்டர் உயரமுள்ள பெரும் பாலத்தால் அந்த நகரத்தை இன்று உலகம் அறிந்திருக்கிறது. அந்த மீயோவுக்குத் தென்மேற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் ரோக்ஃபோர் இருக்கிறது.

சூல்சோன் ஒரு சிற்றாறு. அது செர்னோனில் கலக்கிறது. செர்னோன் தார்ன் ஆற்றிலும், தார்ன் கரோன் ஆற்றிலும் சேர, அந்த நீர் முடிவில் அட்லாண்டிக் பெருங்கடலுக்குப் போகிறது. பக்கத்திலிருக்கும் மத்தியதரைக் கடலை விட்டுவிட்டு நாட்டின் மறுகோடிக்கு ஓடும் இந்த நீரைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லும்போது, அரபிக்கடலுக்கு அருகிலேயே பிறந்தும் கிழக்கு நோக்கி நெடுந்தூரம் நடந்து வங்கக் கடலைச் சேரும் காவிரியை நினைவூட்டினால் உடனே புரிந்துகொள்வார்கள்.

நிலவியலுக்கு வருகிறேன், ஏனெனில் இந்த ஊரின் கதை முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. மீயோவைச் சுற்றியுள்ள நாடு, ஆறுகள் ஆழமாக அறுத்துச் சென்ற சுண்ணாம்புப் பாறைப் பீடபூமிகளால் ஆனது. இவற்றை அங்கே கோஸ் என்பார்கள். இவற்றுள் பெரியது லர்ஸாக். அதன் மேற்கே தனித்து நிற்கும் ஒரு துண்டு மலைக்குக் கோம்பாலூ என்று பெயர். உயரம் ஏறத்தாழ 800 மீட்டர். கோம்பாலூவின் மேலே கனத்த சுண்ணாம்புப் பாறை. அடியில் நீர் பட்டால் வழுக்கும் சுண்ணக் களிமண். அடித்தளம் இளகியபோது மேலிருந்த பாறையின் வடக்கு விளிம்பு பிளந்து, சரிந்து, தாறுமாறாகக் குவிந்தது. மனிதன் எழுதத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே நடந்த அந்தச் சரிவின் குவியல், சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமும் முந்நூறு மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பட்டையாக இன்றும் கிடக்கிறது. அந்தக் குவியலின் மேல்தான் ஊர் தொற்றிக்கொண்டு நிற்கிறது. விழுந்த பாறைகளுக்கு இடையே இருந்த சந்துகளையும் பொந்துகளையும் மக்கள் தோண்டிச் சீர்செய்து பல அடுக்கு நிலவறைகளாக ஆக்கினார்கள். தெருவில் நின்று பார்ப்பவர் காண்பது ஊரின் மேல்மாடியை மட்டுமே.

மாவட்டத்தின் பெயரையும் சொல்லிவிடுகிறேன்: அவேரோன். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1790இல் பழைய மாகாணங்களைக் கலைத்து, ஆறுகளின் பெயரால் புதிய மாவட்டங்களை உண்டாக்கியபோது, ரூவெர்க் என்ற தொன்மையான மாகாணம் அவேரோன் ஆயிற்று. ஆனாலும் அங்குள்ளவர்கள் இன்றும் தங்களை ரூவெர்க்காரர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். 1989இல் ஒரு முறையும் 2019இல் மறுமுறையும் பிரிக்கப்பட்ட பிறகும் “வட ஆற்காட்டுக்காரர்” என்ற சொல்லை விட மறுக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. அவேரோனின் பரப்பு 8,700 சதுர கிலோமீட்டருக்கு மேல். மக்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பில், அதைவிடச் சிறியதான அன்றைய வேலூர் மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் 39 லட்சம் பேர். ரோக்ஃபோர் ஊரிலோ ஆயிரம் பேர்கூட இல்லை.

அந்த ஊரின் நிலவறைகளில் குளிர்சாதனம் இல்லாமலே ஆண்டு முழுவதும் குளிர்ந்திருக்கும் என்று படித்தேன். இது எப்படி? நம் ஜவ்வாது மலையிலோ வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளிலோ குடைந்தால் இப்படி ஒன்றை அமைக்க முடியாதா?
– பொறியியல் மாணவர், காட்பாடி

முதல் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். சரிந்து குவிந்த பாறைகளுக்கு இடையே மலையின் உள்ளிருந்து வெளியே வரை நீளும் இடுக்குகள் உள்ளன. இவற்றை அவ்வூரார் ஃப்ளூரின் என்கிறார்கள். இயற்கையே வைத்த புகைபோக்கிகள் என்று கருதிக்கொள்ளலாம். மலைக்கு உள்ளே இருக்கும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால் இந்த இடுக்குகளில் காற்று ஓயாமல் நகர்கிறது. நகரும்போது ஈரம் ஊறிய பாறையைத் தொட்டுக்கொண்டே வருவதால் குளிர்ந்தும் நனைந்தும் நிலவறைக்குள் நுழைகிறது. சரிவு வடக்கு நோக்கியிருப்பதால் வெயிலும் அதிகம் படுவதில்லை. விளைவாக, வெப்பநிலை பத்து டிகிரியை ஒட்டியும், காற்றின் ஈரப்பதம் 95 விழுக்காட்டை ஒட்டியும் நிலைத்து நிற்கிறது. ஃப்ளூரினின் வாயில் சிறிய கதவுகள் வைத்திருக்கிறார்கள். காற்று மிகுந்தால் சாத்துவதும் குறைந்தால் திறப்பதும் அனுபவமுள்ள ஒருவரின் வேலை. தறிக்குழியின் ஈரத்தைக் காலாலேயே அறிந்து நூலின் இழுப்பைச் சரிசெய்யும் குடியாத்தத்து நெசவாளிக்கு அந்த வேலையின் நுட்பத்தை விளக்கத் தேவையிருக்காது.

இரண்டாவது கேள்விக்கு விடை, முடியாது என்பதே. காரணங்கள் இரண்டு. ஒன்று, நம்முடைய குன்றுகள் கிரானைட், நைஸ் போன்ற மிகப் பழைய கடினப் பாறைகளால் ஆனவை. அவை வெயிலிலும் மழையிலும் உரிந்து உருண்டைக் கற்களாக நிற்குமே தவிர, நீரில் கரைந்து உள்ளுக்குள் பொந்தாவதில்லை. சுண்ணாம்புப் பாறை நீரில் கரையும். அதனால்தான் லர்ஸாக் பீடபூமியில் பெய்யும் மழை மேலே நிற்காமல் உள்ளே இறங்கி, அடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. மேலே ஆடு மேய்ப்பவர்கள் தண்ணீருக்காகக் கல் பாவிய வட்டக் குட்டைகளை வெட்டி வைத்தார்கள். லவோன் என்ற பெயருள்ள அந்தக் குட்டைகளை இன்றும் அங்கே காணலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. ஆழமான எந்தக் குகையின் வெப்பநிலையும் அந்த இடத்து ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். ரோக்ஃபோரில் அது பத்து, பதினொரு டிகிரி அளவில் இருக்கிறது. வேலூரில் ஏறத்தாழ இருபத்தெட்டு. ஜவ்வாது மலையின் உச்சியிலும்கூட இருபதுக்குக் கீழே இறங்காது. ஆகவே நீங்கள் எவ்வளவு ஆழமாகக் குடைந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது பத்திரமாகப் பாதுகாக்கப்பட்ட வேலூர் வெப்பமே. அக்கினி நட்சத்திரத்தில் அதுவும் நல்லதுதான் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

பாலாடைக்கட்டியில் பூசணம் பிடித்தால் எறிந்துவிடுகிறோம். இவர்களோ பூசணத்தை விற்கிறார்கள். இது பென்சிலின் பூஞ்சைதான் என்கிறார்களே, உண்மையா?
– மருத்துவ ஆய்வுக்கூடப் பணியாளர், பாகாயம்

ஒரே குடும்பம், வேறு வேறு பிள்ளைகள். 1928இல் ஃபிளெமிங் கண்டறிந்த பென்சிலின் மருந்து, பெனிசிலியம் இனத்தைச் சேர்ந்த மற்றொரு பூஞ்சையிலிருந்து வந்தது. ரோக்ஃபோரில் நீலப் பச்சை நரம்புகளாக ஓடுவது பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி. ஊரின் பெயரை அந்தப் பூஞ்சைக்குச் சூட்டியவர் பிரெஞ்சுக்காரர் அல்லர்; சார்லஸ் தாம் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர். ஆண்டு 1906.

பழைய முறையில் அதை வளர்த்தது ரொட்டியில்தான். கருக வேகவைத்த ரை, கோதுமை ரொட்டிகளைச் சில வாரங்கள் நிலவறையில் வைத்திருப்பார்கள். உட்பகுதி முழுவதும் பூசணம் பூத்து உலர்ந்தபின் அதைப் பொடித்துச் சலித்தால் நீலத்தூள் கிடைக்கும். அந்தத் தூளைச் செம்மறி ஆட்டுப்பாலில் சிறிதளவு கலந்துவிடுவார்கள். கட்டி உருவான பிறகு நீண்ட ஊசிகளால் அதை நெடுகக் குத்துவார்கள். துளைகளின் வழியே காற்று போனால்தான் உள்ளே பூஞ்சை விழித்துக்கொள்ளும். இப்படிக் குத்தி, உப்பிட்டு, மரப்பலகைகளின்மேல் நிலவறையில் வைத்து, பிறகு வெள்ளீயத் தாளில் பொதிந்து குளிரறைக்கு மாற்றுகிறார்கள். கட்டி செய்த நாளிலிருந்து மூன்று மாதமாவது ஆகாமல் விற்பனைக்கு வரக்கூடாது. ஒரு கட்டியின் எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அதற்குப் பன்னிரண்டு லிட்டர் அளவுக்குப் பால் வேண்டும்.

ஆட்டிடையன் ஒருவன் ரொட்டியையும் உறைகட்டியையும் குகையில் வைத்துவிட்டு ஒரு பெண்ணைப் பார்க்க ஓடியதாகவும், மாதங்கள் கழித்துத் திரும்பியபோது இரண்டிலும் பூசணம் பூத்திருந்ததாகவும் அவ்வூரில் ஒரு கதை சொல்வார்கள். பெண் என்ன ஆனாள் என்று கதை சொல்லவில்லை.

ஒருமுறை புதுச்சேரியிலிருந்து ஒரு சிறு துண்டு வாங்கி வந்தேன். மறுநாள் குளிர்பெட்டியில் அதைக் காணவில்லை. கெட்டுப்போயிருந்ததால் குப்பைக்குப் போய்விட்டதாக வீட்டில் சொன்னார்கள். விலையைச் சொல்லும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.

இது சைவமா?
– வாசகி, ஆரணி

இல்லை அம்மா. பாலை உறையவைக்க இளம் விலங்குகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைப் பயன்படுத்துகிறார்கள்.

நான் நாற்பது ஆண்டுகள் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவன். தாய் ஆட்டைக் கறந்து பால் எடுக்கிறார்கள் என்றால் குட்டிகள் என்ன ஆகின்றன? அந்தத் தோல் எங்கே போகிறது?
– ஓய்வுபெற்ற தோல் தொழிலாளி, பேரணாம்பட்டு

வந்த கடிதங்களுள் கூர்மையானது இதுதான். ரோக்ஃபோரைப் பற்றி எழுதுபவர்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

இந்தக் கட்டிக்கு லாக்கோன் என்ற செம்மறி இனத்தின் பால் மட்டுமே ஆகும். செம்மறி ஈன்றால்தான் பால். குட்டி குடித்தால் மனிதனுக்குப் பால் இல்லை. ஆகவே குட்டிகளை ஏறத்தாழ ஒரு மாதத்தில் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். பழைய நாளில் அவற்றுள் பெரும்பாலானவை இளங்குட்டியாகவே கறிக்குப் போயின. இளங்குட்டியின் தோல் மெல்லியது, மென்மையானது, காயத்தழும்பு இல்லாதது; செருப்புக்கு உதவாது, கையுறைக்கு அதைப்போல வேறில்லை. அந்தத் தோல் அத்தனையும் மீயோவுக்குப் போயிற்று. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலும் ஐரோப்பியச் சீமாட்டிகள் அணிந்த நேர்த்தியான கையுறைகளுக்கு மீயோ பெயர்பெற்ற நகரமாக இருந்ததற்கு, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நிலவறையில் அடுக்கி வைத்திருந்த பாலாடைக்கட்டிதான் மறைமுகக் காரணம். ஒரே ஆட்டின் பால் ஓர் ஊருக்கும் தோல் மற்றோர் ஊருக்கும் சோறு போட்டது.

பதனிடும் முறையைக் கேட்டால் நீங்கள் புன்னகைப்பீர்கள். நம் பக்கத்துப் பழைய ஷாப்புகளில் ஆவாரம்பட்டையை ஊறவைத்துத் தோலைப் பழுக்க வைத்தார்கள் அல்லவா? மீயோவின் கையுறைத் தோலுக்குப் பட்டை கிடையாது. படிகாரமும் உப்பும் மாவும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்துக் குழைத்த கலவையில் போட்டு மிதிப்பார்கள். தோல் வெண்மையாக, துணியைப்போலத் துவளும்படி வரும். மஞ்சள் கருவின் கொழுப்புதான் அந்தத் துவளலைத் தருகிறது.

பெண்கள் கையுறை அணியும் வழக்கம் ஒழிந்ததும் மீயோவின் தொழில் சுருங்கிவிட்டது. மிகச் சில பட்டறைகளே இன்று எஞ்சியிருக்கின்றன. வெளிநாட்டு நாகரிகம் ஒரு பருவம் மாறினால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எத்தனை வீட்டு அடுப்பு அணையும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நிலவறைகளில் உழைத்தவர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் பெண்கள், கபானியேர் என்று அழைக்கப்பட்டார்கள். ஈரமும் குளிரும் நிறைந்த அறைகளில் மரச்செருப்பு அணிந்து நின்று, கட்டிகளைத் திருப்புவதும் சுரண்டுவதும் துடைப்பதும் அவர்களின் வேலை. பதாகைகளில் தலைநிமிர்ந்து நிற்பவன் இடையன். முதுகு ஒடிந்தவர்கள் இவர்களே.

எங்கள் பக்கத்துக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் வேறு ஊர்க் காயையும் அதே பெயர் சொல்லிச் சந்தையில் விற்கிறார்கள். ரோக்ஃபோரில் இதை எப்படித் தடுத்தார்கள்?
– விவசாயி, அணைக்கட்டு

உடனே தடுத்துவிடவில்லை என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். நூற்றாண்டுகள் ஆயின.

1411இல் ஆறாம் சார்ல் மன்னர், நிலவறைகளில் பாலாடைக்கட்டியைப் பக்குவப்படுத்தும் தனியுரிமை ரோக்ஃபோர் மக்களுக்கே உரியது என்று சாசனம் கொடுத்தார். பிரான்ஸும் இங்கிலாந்தும் நூறாண்டுப் போரில் மோதிக்கொண்டிருந்த காலம் அது. மன்னரின் சாசனம் இருந்தும் போலிகள் வந்தன. 1666இல் துலூஸ் நகரத்து உயர்நீதிமன்றம், வேறிடத்தில் பக்குவப்பட்ட கட்டியை ரோக்ஃபோர் என்று விற்பவர்களுக்குத் தண்டம் விதித்தது. அதற்குப் பிறகும் போலிகள் வந்தன. 1925 ஜூலை 26இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. பிரான்ஸில் ஒரு பாலாடைக்கட்டிக்கு ஊர்ப்பெயர் உரிமையைச் சட்டம் வழங்கியது அதுவே முதல் முறை. புகழ்பெற்ற பிரெஞ்சு மதுக்களுக்கான பொதுவான ஏற்பாடுகூட 1935இல்தான் வந்தது. அப்போதும் வழக்கு ஓயவில்லை. ஆடும் பாலும் முறையும் ஒன்றே என்றால் பக்கத்து மலைக் குகையில் வைத்தால் என்ன என்று சிலர் வாதாடினார்கள். 1961இல் மீயோ நீதிமன்றம், கோம்பாலூ மலைச் சரிவின் இயற்கை நிலவறைகளில் பக்குவப்பட்டது மட்டுமே ரோக்ஃபோர் என்று தீர்ப்பளித்தது.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் ஒவ்வொரு முறையும் இன்னும் குறுகலான, இன்னும் துல்லியமான எல்லையை வரைந்துகொண்டே வந்தது. முதலில் ஊர் மக்கள், பிறகு ஊர், கடைசியில் இரண்டு கிலோமீட்டர் நீளப் பாறைக் குவியல். ஆட்டை ஓட்டிச் செல்லலாம், பூஞ்சையைப் புட்டியில் அடைத்து அனுப்பலாம், செய்முறையைக் கற்றுக்கொள்ளலாம். சரிந்த மலையை மட்டும் யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. வழக்கின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள அவர்களுக்கே ஐந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

பாலுக்கான எல்லை வேறு. தேவை பெருகிய காலத்தில் கோர்சிகாத் தீவிலிருந்தும் பிரனே மலைப்பகுதியிலிருந்தும்கூட வெள்ளைக் கட்டிகளை வரவழைத்து நிலவறையில் வைத்தார்கள். பின்னர் அந்த வட்டத்தையும் சுருக்கிக்கொண்டார்கள். 1930இல் ஆடு வளர்ப்பவர்களும் கட்டி செய்பவர்களும் ஒரே கூட்டமைப்பில் சேர்ந்து பாலின் விலையையும் தரத்தையும் பேசி முடிவு செய்யத் தொடங்கினார்கள். என் கருத்தில் 1411 சாசனத்தைவிட இதுவே பெரிய காரியம்.

உங்கள் கத்தரிக்காய்க்கு வருவோம். இந்தியாவில் இதற்கான சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் குறியீட்டைப் பதிவு செய்யும் அமைப்பு ஒன்று; அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமையுள்ளவராகத் தனி விவசாயி தம்மைப் பதிவு செய்துகொள்வது வேறொன்று. இரண்டாவதைச் செய்யாமல் தனி விவசாயி சந்தையில் யாரோடும் வழக்காட முடியாது. செடியின் காம்பிலும் இலையிலும் முள் இருப்பதைப்போல, பெயருக்கு முள் வைக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். ஊரிலுள்ளவர்கள் ஒன்றுகூடிப் பதிவு செய்யுங்கள்.

ரோமானியர் காலத்திலேயே இந்தக் கட்டி புகழ்பெற்றிருந்தது என்று ஒரு காணொளியில் கேட்டேன். நம்பலாமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பாதி நம்பலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற ரோமானிய அறிஞர், தென் பிரான்ஸின் நீம் பகுதியிலிருந்தும் அதற்கு அடுத்த மலைநாட்டிலிருந்தும் வரும் பாலாடைக்கட்டியை ரோமில் புகழ்ந்து உண்டதாக எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் மலைநாடு ரோக்ஃபோருக்கு அண்மையில் இருப்பது. ஆனால் ரோக்ஃபோர் என்ற பெயரையோ நீல நரம்புகளையோ அவர் சொல்லவில்லை. பெருமை தேடுபவர்கள் பின்னாளில் இட்டு நிரப்பியது அது.

உறுதியான ரோமானியத் தொடர்பு வேண்டுமானால் கட்டியை விட்டுவிட்டு மட்பாண்டத்தைப் பாருங்கள். மீயோவை ஒட்டிய லா க்ரோஃபசாங்க் என்ற இடத்தில், முதல் நூற்றாண்டில் பளபளக்கும் சிவப்புப் பாண்டங்களைப் பேரளவில் சுட்டு ரோமப் பேரரசு எங்கும் அனுப்பினார்கள். இத்தாலியின் அரெட்சோ நகரத்துப் பாண்டங்களைப் பார்த்துப் பழகி, பிறகு அவற்றின் சந்தையையே பிடித்துக்கொண்ட குயவர்கள் அவர்கள். 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்த தொல்லியலாளர் வீலர், அந்தத் துறைமுகத்தின் காலத்தைக் கணிக்கத் துணையாகக் கொண்டது அந்த அரெட்சோ வகைச் சிவப்பு ஓடுகளைத்தான். ஆகவே லா க்ரோஃபசாங்கின் மூத்த உறவினர் நம் கடற்கரைக்கு வந்து போயிருக்கிறார்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்தவர். ரோக்ஃபோருக்குப் பக்கத்து விவசாயிகள் இராணுவத்தையே எதிர்த்துப் பத்தாண்டுகள் போராடினார்கள் என்று என் பேரன் சொல்கிறான். நாட்டின் பாதுகாப்பை எதிர்ப்பது முறையா?
– முன்னாள் படைவீரர், கம்மவான்பேட்டை

பேரன் சொன்னதில் ஒரு சிறு திருத்தம், ஐயா. அவர்கள் இராணுவத்தை எதிர்க்கவில்லை. முகாமின் விரிவாக்கத்தை எதிர்த்தார்கள். லர்ஸாக் பீடபூமியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சுமார் 3,000 ஹெக்டேரில் ஒரு பயிற்சி முகாம் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. 1971இல் பாதுகாப்பு அமைச்சர் மிஷெல் தெப்ரே அதை 17,000 ஹெக்டேராக விரிக்கப்போவதாக அறிவித்தார். அந்த நிலத்தில் ஆடு மேய்த்து ரோக்ஃபோருக்குப் பால் கொடுத்தவர்களில் 103 குடும்பத்தார், ஒரு துண்டு நிலத்தையும் விற்கமாட்டோம் என்று 1972 மார்ச்சில் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகும், அரசாங்கத்துக்கு அடங்கி நடக்கும் குடியானவர்கள். அவர்களை அறவழியில் திருப்பியவர்களுள் முக்கியமானவர் லான்ஸா தெல் வாஸ்தோ. இத்தாலியில் பிறந்த இவர் 1937இல் வார்தா வந்து காந்தியடிகளோடு தங்கினார்; அடிகள் அவருக்குச் சாந்திதாஸ் என்று பெயரிட்டார். 1972இல் லர்ஸாக்கில் அவர் பதினைந்து நாள் உண்ணாநோன்பு இருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் விவசாயிகள் தங்கள் ஆடுகளில் அறுபதைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் ஈஃபெல் கோபுரத்தின் அடியில் மேய விட்டார்கள். நாடே சிரித்தது, சிரித்தவர்கள் பிறகு யோசித்தார்கள். 1978இல் லர்ஸாக்கிலிருந்து பாரிஸ் வரை நடந்தே சென்றார்கள். 1981இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மித்தரான், விரிவாக்கத்தைக் கைவிட்டார். அரசு ஏற்கெனவே வாங்கியிருந்த நிலத்தை நிர்வகிக்கும் பொறுப்பு 1985இல் விவசாயிகள் சேர்ந்த ஒரு சங்கத்திடமே ஒப்படைக்கப்பட்டது.

பழைய முகாம் இன்றும் அங்கேயே இருக்கிறது. படைவீரர்களும் ஆடுகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் வாழ்கிறார்கள். முறையா என்று கேட்டீர்கள். பரம்பரை நிலத்தை விட்டுக்கொடுக்க மறுத்ததையும், அதை ஒரு கல்லையும் வீசாமல் சொல்ல முயன்றதையும் நான் முறை என்றே கொள்கிறேன். நீங்கள் மாறுபட்டால் எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

அமெரிக்கா இந்தக் கட்டிக்கு வரி போட்டதாமே?
– வாசகர், ராணிப்பேட்டை

ஆம். வளர்ச்சி ஹார்மோன் கொடுத்து வளர்த்த அமெரிக்க மாட்டிறைச்சியை ஐரோப்பிய நாடுகள் ஏற்க மறுத்ததற்குப் பதிலடியாக 1999இல் ரோக்ஃபோர் உள்ளிட்ட சில பொருள்களுக்கு நூறு விழுக்காடு வரி விதித்தார்கள். மாட்டுக்கும் செம்மறிக்கும் என்ன பகை என்று கேட்காதீர்கள். அந்த ஆகஸ்டில் மீயோவில் கட்டிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க உணவகத்தை ஜோசே போவே என்ற ஆடு வளர்ப்பாளரின் தலைமையில் விவசாயிகள் பிரித்துப் போட்டார்கள். லர்ஸாக் போராட்டத்தில் வளர்ந்தவர் அவர். சிறைக்கும் போனார்.

இன்று அந்த ஊர் எப்படி இருக்கிறது? பார்க்கப் போகலாமா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், வேலூர் சத்துவாச்சாரி

போகலாம். ஆனால் ஆட்டு மந்தைகள் தெருவில் நடக்கும் சிற்றூரை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். மந்தைகள் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் இருக்கின்றன. ஊர் முழுக்கவும் ஒரு பட்டறையாகவே இயங்குகிறது. வேலைக்கு வருபவர்களில் பலர் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். கட்டி செய்யும் நிறுவனங்கள் ஏழு. அவற்றுள் மிகப் பெரியது இன்று ஒரு பன்னாட்டுப் பால் குழுமத்தின் கையில் இருக்கிறது. சட்டம் ஊரின் பெயரைக் காப்பாற்றியது, மக்கள்தொகையைக் காப்பாற்றவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அணைக்கட்டு நண்பருக்கு நான் சொன்னது பாதி உண்மையாகிவிடும்.

நிலவறைகளில் சிலவற்றைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். செம்மறிகள் கறவையில் இருக்கும் காலம் டிசம்பர் முதல் ஜூலை வரை. அந்த மாதங்களில் போனால் பலகைகள் நிறைந்திருக்கும். அங்கிருந்து கிழக்கே லர்ஸாக் மேல் ஏறினால், 12ஆம் நூற்றாண்டில் அந்தப் பீடபூமியில் வேரூன்றிய டெம்பிளர் என்ற கிறித்தவப் போர்த்துறவிகளின் ஊராக இருந்து, பின்னாளில் மதில் எழுப்பப்பட்ட லா கூவெர்த்துவாராத்தையும், முன்பு சொன்ன வட்டக் குட்டைகளில் ஒன்றை அதன் மதிலுக்கு வெளியிலும் பார்க்கலாம். ஜூலை மாதத்துக் கடும் வெயிலில் போனாலும் கையில் ஒரு கம்பளிச் சட்டை இருக்கட்டும். உள்ளே பத்து டிகிரிதான்.